ஜப்பானிய மொழி பேசப் பழக எதைத் தேர்ந்தெடுப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானிய மொழியைச் சொந்தமாகவே கற்றுக்கொள்ள உதவும் செயலிகள், புத்தகங்கள் பற்றித் தங்கள் நாளிதழின் இணைப்பிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வேலைக்கும் படிப்புக்கும் ஜப்பான் போக நினைக்கும் பிள்ளைகளுக்கு உதவும் கட்டுரை, மகிழ்ச்சி. ஆனால் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வியை அது கேட்கவில்லை. படிக்கப் போகிறவர் எதற்காகப் படிக்கிறார்? தேர்வு எழுதவா, பேசவா? இரண்டுக்கும் ஒரே பட்டியலை நீட்டினால், பேச ஆசைப்பட்டவர் மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, எதிரில் ஒரு ஜப்பானியர் வந்து நிற்கும்போது வாய் திறக்க முடியாமல் நிற்பார். அந்தக் குறையை நிரப்பத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். இடத்துக்குத் தக்கபடி சுருக்கிக்கொள்ளுங்கள்.

நான் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். என் மருமகள் ஓசாகாக்காரி. அவள் என்னோடு பேசுவதற்காகத் தமிழ் கற்றுக்கொண்டாள். அவளுடைய அம்மாவுக்கு, அதாவது என் சம்பந்தி அம்மாவுக்கு, ஜப்பானிய மொழி ஒன்றுதான் தெரியும். வீடியோ அழைப்பில் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பதும், பிறகு பிள்ளைகள் மொழிபெயர்க்கக் காத்திருப்பதும் எனக்குப் போதவில்லை. அவரோடு நேராகப் பேச வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகப் படிக்க உட்கார்ந்தேன். வகுப்புக்குப் போகவில்லை. இன்று பேத்திக்குப் பல் முளைத்ததிலிருந்து அவருடைய மூட்டுவலி வரை நாங்களே பேசிக்கொள்கிறோம். எந்தத் தேர்வும் எழுதாதவள் நான். பேசுவதற்கு எது உதவியது, எது உதவவில்லை என்று மட்டும் சொல்ல முடியும்.

தேர்வு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜேஎல்பிடி எனப்படும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 1984-ல் தொடங்கியது. 2010 முதல் என்5-லிருந்து என்1 வரை ஐந்து நிலைகள். இந்த ஐந்தில் எதிலும் பேச்சுத் தேர்வு கிடையாது. சொல், இலக்கணம், வாசிப்பு, கேட்டல் எல்லாவற்றிலும் கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் வேலை. வேலை விசாவுக்காகப் பலர் எழுதும் ஜேஎஃப்டி-பேசிக் (JFT-Basic) என்ற தேர்வு 2019-ல் வந்தது. கணினியில் எழுத வேண்டும். 250 மதிப்பெண்ணில் 200 எடுத்தால் தேர்ச்சி. அதில் உரையாடலுக்கென்றே ஒரு பகுதி உண்டு. அங்கும் சரியான பதிலைத் தேர்ந்தெடுத்தால் போதும், வாயால் சொல்ல வேண்டியதில்லை. தேர்வுகளை நான் குறை சொல்லவில்லை. விசாவுக்கும் வேலைக்கும் அவை வேண்டியவை. ஆனால் விற்பனையில் இருக்கும் புத்தகங்களிலும் செயலிகளிலும் நிறைய இந்தத் தேர்வுகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அட்டையில் "என்5" என்று பெரிதாகப் போட்டிருந்தால், அது பேச்சுக்கு ஓரளவுதான் கைகொடுக்கும் என்று தெரிந்தே வாங்க வேண்டும்.

அடுத்தது, தமிழ் வாசகர்களுக்கு மிகவும் முக்கியம் என்று நான் நினைப்பது. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் ஊழியர்களுக்கு மொழி கற்பிக்கும்போது ஜப்பானியத்தை மிகக் கடினமான வரிசையில் வைத்து, 2,200 வகுப்பு மணி நேரம் தேவை என்று கணக்கிடுகிறது. இணையத்தில் எல்லோரும் இந்த எண்ணை எடுத்துப் போட்டுப் பயமுறுத்துகிறார்கள். அது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கான கணக்கு. நமக்கான கணக்கு அதுவல்ல. ஜப்பானிய வாக்கியத்திலும் வினைதான் கடைசியில் வருகிறது. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. எழுவாய் தெரிந்ததாக இருந்தால் அதை விட்டுவிட்டுப் பேசலாம். எல்லாவற்றையும்விட, வினையெச்சத்தோடு இன்னொரு வினையைச் சேர்ப்பது அப்படியே நம் வழக்கம். நாம் "சாப்பிட்டுப் பார்க்கிறேன்" என்போம். அவர்கள் "தபெதே மிமாஸ்" என்கிறார்கள். அந்த இரண்டாவது வினையும் பார்ப்பதுதான். "சொல்லி வைக்கிறேன்" என்பதற்கு "இத்தெ ஒகிமாஸ்". ஒகு என்றால் வை. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது தினமும் சொல்லும் "இத்தெ கிமாஸ்" நம்முடைய "போய் வருகிறேன்"தான். "என்று சொன்னார்" என்பதில் நம் "என்று" நிற்கும் இடத்தில் அவர்களுடைய "தோ" நிற்கிறது.

ஆங்கில வழிப் புத்தகங்கள் இவற்றுக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுகின்றன. ஆங்கிலம் பேசுகிறவருக்கு அது வேண்டும். தமிழ்ப் பிள்ளைகளோ தமக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த ஒன்றை, ஆங்கிலத்துக்கு மாற்றி, அங்கிருந்து மறுபடி தலைகீழாகத் திருப்பி ஜப்பானியத்துக்குக் கொண்டுபோகிறார்கள். பேச்சு தடைபடுவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. (இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ வாதிட்டதும், மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்காததும் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாக்கிய அமைப்பு ஒத்துப்போகிறது, கற்பவருக்கு அது போதும்.) ஆகவே எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் ஆங்கில விளக்கத்தை ஒருமுறை படித்துவிட்டு, பக்கத்திலேயே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். அதன்பின் ஆங்கிலத்தைப் பார்க்காதீர்கள். "தருதல்" தன்மைக்கும் முன்னிலைக்கும், "கொடுத்தல்" படர்க்கைக்கும் உரியது என்று தொல்காப்பியம் பிரித்ததைப் படித்தவர்களுக்கு, எனக்குத் தருவதற்கு "குரெரு", பிறருக்குக் கொடுப்பதற்கு "அகெரு" என்று ஜப்பானியர் பிரிப்பதைப் புரிந்துகொள்ள அரை நிமிடம் போதும். ஆங்கிலப் புத்தகங்களில் இது ஒரு பெரிய அத்தியாயம்.

தமிழ் நமக்கு உதவாத இடமும் ஒன்று உண்டு. அது எழுத்து. தமிழ் எழுத்தில் ஜப்பானியம் எழுதிய கையேடுகளும் யூடியூப் பாடங்களும் நிறைய இருக்கின்றன, தயவுசெய்து அவற்றைத் தவிருங்கள். நம் வல்லின எழுத்து ஒன்றே இரண்டு ஒலிகளுக்கு நிற்கிறது. தமிழில் அது எங்கே வருகிறது என்பதை வைத்து ஒலி தானாகவே மாறிவிடுவதால் நமக்குச் சிக்கல் இல்லை. ஜப்பானியத்தில் அந்த இரண்டு ஒலிகளும் வேறுவேறு சொற்கள். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் ஜப்பானியச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே "கின்" என்றுதான் வரும். காதால் கேட்டால் தங்கம் "கல்" என்பதில் உள்ள ககரத்தோடும், வெள்ளி "தங்கம்" என்பதில் உள்ள ககரத்தோடும் தொடங்கும். எழுத்தைப் பார்த்துப் படித்தவர் இரண்டையும் ஒன்றாகவே சொல்வார். இந்தக் கடிதத்தில் வேறு வழியில்லாததால் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். இதை வைத்து யாரும் உச்சரிப்பைப் பழக வேண்டாம். ஜப்பானியரின் ஒலியெழுத்தான ஹிரகானாவில் அடிப்படை எழுத்துகள் 46. 247 எழுத்து படித்த நமக்கு அது பெரிய வேலையே இல்லை. முதல் வாரங்களிலேயே அதை முடித்துவிட்டு, ஹிரகானாவில் அச்சிட்ட பாடங்களுக்கு மாறிவிட வேண்டும். ஆங்கில எழுத்தில் ஜப்பானியம் எழுதிய புத்தகங்களையும் அதோடு மூடிவிடலாம்.

குறில் நெடில் வேறுபாட்டிலும் மெய் இரட்டிப்பதிலும் மட்டும் நம் காது பழகிய காது. "ஒபஸன்" என்றால் அத்தை, "ஒபாஸன்" என்றால் பாட்டி. "கிதெ" என்றால் வா, "கித்தெ" என்றால் வெட்டு. ஆங்கிலம் பேசுகிறவர்கள் பல மாதம் திணறும் இந்த இடத்தை நாம் எளிதாகத் தாண்டிவிடுவோம். அதற்கென்று தனிப் பயிற்சிகள் விற்கிறார்கள், நமக்கு அவை தேவையில்லை.

இனி புத்தகங்களுக்கு வருகிறேன். எல்லாப் பட்டியலிலும் முதலில் வருவது ஜென்கி. ஜப்பான் டைம்ஸ் வெளியிட்டது. முதல் பதிப்பு 1999, மூன்றாம் பதிப்பு 2020. நல்ல புத்தகம்தான். ஆனால் அது வகுப்பறைக்காக எழுதப்பட்டது. பக்கத்தில் இருப்பவரிடம் கேள், இருவர் இருவராகப் பேசு என்று பயிற்சிகள் வரும். தனியாகப் படிக்கிறவர் அவற்றைத் தாண்டிவிட்டு நிரப்புக கேள்விகளை மட்டும் செய்வார். அந்த இருவர் பயிற்சிகள்தான் பேச்சு. அவற்றைத் தாண்டினால் மிஞ்சுவது இலக்கணம். அடுத்தது மின்னா நோ நிஹோங்கோ. அதன் முதன்மைப் புத்தகம் முழுவதும் ஜப்பானியத்திலேயே இருக்கும், விளக்க நூலைத் தனியாக வாங்க வேண்டும். தெரியாமல் ஒன்றை மட்டும் வாங்கி விழிப்பவர்கள் உண்டு. ஒரே வாக்கிய அமைப்பில் சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுச் சொல்லும் பயிற்சி அதில் ஏராளம். வாய்விட்டுச் செய்தால் நாக்கு நன்றாகப் பழகும். உரையாடல்கள் மட்டும் அலுவலக வாசனையோடு, மிகவும் மரியாதையாக இருக்கும்.

நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது இரொதோரி. 1972-ல் நிறுவப்பட்ட ஜப்பான் ஃபவுண்டேஷன், ஜப்பானில் வாழ்ந்து வேலை செய்யப் போகிற வெளிநாட்டவருக்காக 2020-ல் கொண்டுவந்த பாடநூல். பிடிஎஃப், ஆடியோ இரண்டையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தொடக்க நிலை ஒன்று, அடிப்படை நிலை இரண்டு என மூன்று தொகுதிகள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், பாடம் ஒவ்வொன்றும் இலக்கணத்தில் தொடங்காமல் ஒரு காரியத்தில் தொடங்குகிறது. உணவகத்தில் கேட்டு வாங்குவது, வேலைக்குத் தாமதமாகும் என்று தெரிவிப்பது, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பது போன்ற காரியங்கள். ஒரே சூழலில் நாலைந்து குட்டி உரையாடல்களை வெவ்வேறு குரல்களில் கேட்க வைத்துவிட்டு, அப்புறம்தான் இந்த உருபைக் கவனித்தீர்களா என்று கேட்கிறது. அதே நிறுவனத்தின் மருகொதோ இரண்டு வரிசையாக வருகிறது: காரியங்களுக்கு "கத்சுதோ", மொழியறிவுக்கு "ரிகாய்". பேச வேண்டும் என்றால் கத்சுதோவை முதலில் எடுங்கள். காசு கொடுத்துத்தான் நல்லது கிடைக்கும் என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை இந்த இரொதோரியின் ஆடியோவைக் கேட்டுவிட்டுப் பேசட்டும்.

ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்ஹெச்கே வானொலியின் உரையாடல் பாடங்களும் அருமையானவை. டாம் என்ற வியட்நாம் மாணவி ஜப்பானில் படிக்கிற கதையாக 48 பாடங்கள். கதை போவதால் அடுத்த பாடம் என்ன என்ற ஆவல் இருக்கும். ஆங்கிலத்திலும் இந்தியிலும் வங்காளத்திலும் உருதுவிலும் விளக்கம் கிடைக்கிறது, தமிழில் இல்லை. இது எனக்கு உண்மையாகவே மனவருத்தம். அமைப்பில் இத்தனை ஒத்துப்போகும் மொழியில் ஒரு விளக்கம் இருந்தால் எத்தனை பேருக்கு எவ்வளவு மிச்சம்!

இப்படிப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகலாம். நாளைக்கு வேறு பெயர்கள் வரும். ஆகவே எந்தப் பாடத்தையும் எடைபோட நான் பயன்படுத்தும் முறையைச் சொல்கிறேன். ஒரு பாடத்தின் ஒரே ஒரு உரையாடலை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு ஆடியோவை மட்டும் கேளுங்கள். இருவரும் ஒருவர் முடித்தபின் ஒருவராக, முழு வாக்கியங்களாக, குறுக்கே ஒரு "ம்" கூட இல்லாமல் பேசுகிறார்களா? அப்படியானால் அது வாசிப்புப் பாடம். உண்மையான ஜப்பானியப் பேச்சு அப்படி இருக்காது. என் மருமகள் தன் அம்மாவோடு பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அங்கே அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே இங்கே இவள் "உன், உன்" என்கிறாள், "ஹே" என்று இழுக்கிறாள், "ஸோ நந்தா" (அப்படியா) என்கிறாள், "நருஹோதொ" (ஓ, சரிதான்) என்கிறாள். இதற்கு "அய்சுச்சி" என்று பெயர். கதை கேட்கும் குழந்தை உம் கொட்டுவதைப் போல; ஆனால் அங்கே பெரியவர்களும் கொட்டியாக வேண்டும். கொட்டாவிட்டால் எதிர்முனையில் பேச்சு நின்று, "மொஷி மொஷி?" என்று குரல் வரும், இணைப்பு போய்விட்டதோ என்று. இந்த உம் கொட்டுதலைச் சொல்லித் தராத பாடம் உரையாடலில் பாதியைச் சொல்லித் தரவில்லை.

அதே ஆடியோவில் இன்னொன்றையும் பாருங்கள். பேச்சில் சொற்கள் சுருங்குகின்றனவா? புத்தகத்தில் "ஷிதே இரு" என்று இருப்பது வாயில் "ஷிதெரு" ஆகும். "தெவ நாய்" என்பது "ஜா நாய்" ஆகும். "ஷிதே ஷிமத்தா" என்பது "ஷிச்சத்தா" ஆகும். "தெஸு" என்று எழுதினாலும் கடைசி உகரம் காதில் விழாது. "வந்துகொண்டிருக்கிறேன்" என்று புத்தகத்தில் படித்த ஒரு வெளிநாட்டவர், "வந்துட்டிருக்கேன்" என்று கேட்டால் விழிப்பார் அல்லவா? அதே நிலைதான். எழுத்து வழக்கு, பேச்சு வழக்கு என்ற இரண்டோடும் வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பல பாடங்கள் மரியாதை வடிவமான "மாஸ்" என்ற முடிவோடு நிறுத்திவிடுகின்றன. தொடக்கத்துக்கு அது சரி. யாரிடமும் அந்த வடிவில் பேசினால் தப்பாகாது. நண்பர்களும் குடும்பத்தாரும் பேசும் எளிய வடிவத்தை எந்தப் பாடத்தில் தொடங்குகிறார்கள் என்று பொருளடக்கத்தில் தேடிப் பாருங்கள். கடைசி வரை வரவில்லை என்றால் வேறொன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவதாக, ஆடியோவில் நமக்கு இடைவெளி விடுகிறார்களா என்று பாருங்கள். கேள்வி வந்ததும் நாம் பதில் சொல்லச் சில நொடி, அப்புறம் சரியான பதில். பால் பிம்ஸ்லர் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1960-களில் இந்த முறையை வளர்த்தார். புதிய சொல்லை 5 நொடியில் ஒருமுறை, 25 நொடியில் ஒருமுறை, 2 நிமிடத்தில், 10 நிமிடத்தில் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய்த் திரும்பக் கேட்டால் மனதில் நிற்கும் என்று அவர் 1967-ல் எழுதினார். அவர் பெயரில் வரும் அரைமணி நேர ஒலிப் பாடங்கள் அந்த அடிப்படையில் அமைந்தவை. சொற்கள் குறைவு, விலை அதிகம், விளக்கம் ஆங்கிலத்தில். ஆனாலும் முதல் பாடத்திலேயே வாயைத் திறக்க வைக்கும் என்பதால் மதிக்கிறேன். இலவச ஆடியோ எதையும் அப்படி மாற்றிக்கொள்ளலாம். முதல் ஆள் பேசி முடித்ததும் நிறுத்துங்கள், இரண்டாவது ஆளின் பதிலை நீங்கள் சொல்லுங்கள், பிறகு ஓடவிட்டு ஒப்பிடுங்கள். அது பழகியதும் நிறுத்தாமல், பேசுகிறவரின் குரலை ஒரு நொடி பின்னால் தொடர்ந்து கூடவே சொல்லிக்கொண்டு போங்கள். ஷேடோயிங் என்கிற இந்தப் பயிற்சி, பேச்சை உடனுக்குடன் மொழிபெயர்த்துச் சொல்பவர்களுக்குத் தரும் பயிற்சிகளில் ஒன்று. ஒரே உரையாடலை ஒரு வாரம் முழுக்க இப்படிச் செய்வது, வாரத்துக்கு ஏழு பாடம் ஓடுவதைவிட எனக்கு அதிகம் தந்தது. வீட்டில் உள்ளவர்கள் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள், போகட்டும்.

செயலிகளைப் பற்றிக் கட்டுரையில் நிறைய வந்திருந்தது. திரையில் கட்டம் கட்டமாக வரும் சொற்களை விரலால் தொட்டு வரிசைப்படுத்தும் செயலிகள் தினமும் கொஞ்சமாவது மொழியைத் தொட வைக்கின்றன. அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது. சொல் கண்முன்னே இருக்கும்போது அடையாளம் காண்பது ஒரு திறமை. ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து சொல்லை எடுத்து வாய்க்குக் கொண்டுவருவது வேறு திறமை. அந்த இரண்டாவதற்கு நான் நம்புவது அன்கி. டேமியன் எல்ம்ஸ் தன் ஜப்பானியப் படிப்புக்காக உருவாக்கி 2006-ல் வெளியிட்ட நினைவட்டைச் செயலி அது. பிறர் செய்துவைத்த ஆயிரக்கணக்கான அட்டைகளை இறக்கிக்கொள்ளாதீர்கள். உங்கள் அட்டையை நீங்களே செய்யுங்கள். முன்பக்கம் தமிழ் வாக்கியம், பின்பக்கம் ஹிரகானாவும் ஆடியோவும். "மழை வரும் போலிருக்கிறது, துணியை எடுத்துவிடுங்கள்" என்ற தமிழைப் பார்த்து ஜப்பானியத்தில் வாய்விட்டுச் சொன்ன பிறகே திருப்ப வேண்டும். வரிசை ஒன்றாகவே இருப்பதால் தமிழிலிருந்து நேரே போவது எவ்வளவு சுலபம் என்று அப்போது தெரியும். தனிச் சொல் அட்டை வேண்டவே வேண்டாம்.

இளைஞர்கள் பலர் அனிமே எனப்படும் ஜப்பானியக் கார்ட்டூன் படங்களைப் பார்த்தே ஜப்பானியத்துக்கு வருகிறார்கள். காதுக்கு அது நல்ல பயிற்சி, ஆர்வமும் வற்றாது. ஆனால் அங்கே கதாபாத்திரங்கள் பேசுவதை அப்படியே வாயில் போட்டுக்கொள்ளக் கூடாது. கிழவர் என்றால் ஒரு மாதிரி, வில்லன் என்றால் ஒரு மாதிரி என்று கதைகளுக்கென்றே ஒரு பேச்சு அங்கே உண்டு. மொழியியலாளர் சதோஷி கின்சுய் அதற்கு "யகுவரிகொ" என்று பெயர் வைத்து ஆராய்ந்திருக்கிறார். "ஒரெ" (முரட்டுத்தனமான "நான்"), "ஒமயெ", "கிசமா" (மரியாதையில்லாத "நீ") என்று கதாநாயகன் பேசுவதை வேலைக்குப் போன இடத்தில் மேலாளரிடம் பேசினால் என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்கு யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும். சமையல், தோட்டம், பயணம் என்று சாதாரண மனிதர்கள் பேசும் காணொளிகள் பேச்சுக்கு இன்னும் நெருக்கமானவை.

யாரோடு பேசப் போகிறீர்கள் என்பதையும் யோசித்தே பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாடங்கள் எல்லாம் தோக்கியோவைச் சார்ந்த பொது மொழியில் இருக்கின்றன. தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2012-ல் வந்த ஓஜாட் என்ற இலவச இணைய அகராதி, ஒவ்வொரு சொல்லிலும் குரல் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டும், மிகவும் பயனுள்ளது. அதுவும் தோக்கியோ உச்சரிப்புதான். என் சம்பந்தி அம்மா பேசுவது ஓசாகா வழக்கு. "வகரனாய்" (புரியவில்லை) என்று நான் படித்ததை அவர் "வகரஹென்" என்கிறார். "ஹோந்தோ" (நிஜம்) என்பது "ஹோன்மா" ஆகிறது, "தமெ" (கூடாது) என்பது "அகன்" ஆகிறது. "ஹஷி" என்ற சொல் தோக்கியோவில் குரல் உயர்ந்து தாழ்ந்தால் சாப்பிடும் குச்சி, தாழ்ந்து உயர்ந்தால் பாலம். ஓசாகாவில் இது நேர் தலைகீழ். இதற்காகப் பயப்பட வேண்டாம். பொது மொழியில் பேசினால் எல்லா ஊரிலும் புரிந்துகொள்வார்கள். பேசுவதற்குப் பொது மொழி, கேட்பதற்கு அந்த ஊர் வழக்கு என்று பிரித்துக்கொண்டால் போதும். ஜப்பானில் எந்த ஊருக்குப் போகப் போகிறோம் என்று தெரிந்தவர்கள், அந்த ஊர்க்காரர் நடத்தும் பாட்காஸ்ட் ஒன்றைக் கிளம்புவதற்குச் சில மாதம் முன்பிருந்தே கேட்டு வரலாம்.

எவ்வளவு நல்ல பாடமும் மனிதருக்கு ஈடாகாது. எனக்கு வீட்டிலேயே ஒரு சம்பந்தம் அமைந்தது. எல்லோருக்கும் அப்படி வாய்க்காது. 2007-ல் தொடங்கிய ஐடாக்கி போன்ற தளங்களில் ஆசிரியர்களோடு மணிக் கணக்கில் காசு கொடுத்துப் பேசலாம். பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், பேச்சுத் துணைக்கு வருபவர்கள் என்று இரு வகையினர் இருக்கிறார்கள். இரண்டாவது வகைக்குப் பெரும்பாலும் கட்டணம் குறைவு. இலக்கணம் புத்தகத்திலேயே இருக்கிறது, அதை அவரிடம் கேட்டு நேரத்தைக் கரைக்காதீர்கள். அந்த வாரம் நடந்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லத் தயார் செய்துகொண்டு போங்கள். பேச்சை இடையில் வெட்ட வேண்டாம், திருத்தங்களை எழுத்தில் அனுப்பிவிடுங்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் திருத்தங்கள் நேரே அன்கி அட்டைக்குப் போகட்டும். இலவசமாகப் பேசிப் பழக ஹலோடாக் போன்ற பரிமாற்றச் செயலிகள் உண்டு. அங்கே வரும் ஜப்பானியர் பெரும்பாலும் ஆங்கிலம் பழக வருகிறவர்கள். கவனிக்காவிட்டால் முழு நேரமும் ஆங்கிலத்திலேயே போய்விடும். பாதி நேரம் ஜப்பானியம், பாதி நேரம் ஆங்கிலம் என்று கடிகாரம் வைத்தே பேச வேண்டும், இதில் கூச்சமே கூடாது. இப்போது செயற்கை நுண்ணறிவோடு குரலிலேயே பேச முடிகிறது. வெட்கப்படுகிறவர்களுக்கு அது முதல் படியாக இருக்கட்டும். அது சொல்லும் இலக்கண விளக்கங்களை மட்டும் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பொதுப் பயன்பாட்டுக்கென்று ஜப்பான் அரசு வகுத்த பட்டியலில் 2,136 கான்ஜி இருக்கின்றன. அங்கே குடியேறப் போகிறவர்கள் அவற்றைப் படித்துத்தான் ஆக வேண்டும். பேச மட்டும் விரும்புகிறவர்கள் முதல் ஆண்டில் அவற்றுக்காக உட்கார வேண்டியதில்லை.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை வரும்போது தேர்வுக்கு உரியவை, பேச்சுக்கு உரியவை என்று பிரித்துப் போடுங்கள். முடிந்தால் வாரம் ஒருமுறை கால் பக்கம் ஒதுக்கி, ஆங்கிலம் இடையில் வராமல் தமிழிலிருந்து நேராக ஜப்பானியம் கற்றுத் தரும் ஒரு பகுதியைத் தொடங்குங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு குட்டி உரையாடல் போதும். அதை ஹிரகானாவில் அச்சிடுங்கள், பக்கத்தில் ஒரு க்யூஆர் கோடு போட்டு, ஜப்பானியர் இருவர் இயல்பான வேகத்தில், உம் கொட்டியபடி பேசிய ஆடியோவை இணையுங்கள். தமிழ் விளக்கங்களை எழுதித் தரவும் சரிபார்க்கவும் நான் தயாராக இருக்கிறேன், ஊதியம் எதுவும் வேண்டாம். ஜப்பானிய வாக்கியங்களைத் தாய்மொழியாளர் ஒருவரே பார்க்க வேண்டும். என் மருமகளிடம் கேட்டேன், அவள் சம்மதித்துவிட்டாள்.

தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை